மிச்சப் படம்

டெக் என்று சொன்னால் என் மகளுக்குப் புரிவதில்லை. உங்களுக்குப் புரியும். கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு எடுத்து வருவோமே, கேசட்டை வாயில் வைத்ததும் ‘கடக்’ என்று விழுங்கிக்கொள்ளுமே, அதுதான். நம் வயசுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் டெக்கில் விடிய விடியப் பார்த்த படங்களை வரிசையாக ஒப்பிப்பார்கள். பள்ளிக்கூடம் படிக்கிற வயசில் நான் பார்த்தது இரண்டே படம். இரண்டிலும் பாட்டு கிடையாது, நமக்குப் புரிகிற பாஷையும் கிடையாது. அதிலும் இரண்டாவதைப் பாதிதான் பார்த்தேன். மிச்சத்தைப் போன மாதம்தான் பார்த்து முடித்தேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்திருந்தது. மழை பெய்தால் எங்கள் ஊருக்கு இரண்டு வாசம் வரும். வெங்காயப் பேட்டைப் பக்கமிருந்து காற்றடித்தால் ஈர வெங்காயம். எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் டேனரியில் ஊறுகிற தோல். வெங்காயப் பேட்டையில் அப்பாவுக்குக் கமிஷன் கடை இருந்ததால் முதல் வாசம் எனக்கு வாசமாகவே தெரியாது. இரண்டாவது வாசம் வந்தால் வகுப்பில் எல்லோரும் தாவணி முனையால் மூக்கை மூடிக்கொள்வோம். மூடாதவள் ஒருத்திதான். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரித்திர டீச்சர் அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நிரந்தரம் ஆகவில்லை. கொடைரோட்டிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவார். ரயில் லேட் என்றால் முதல் பீரியடு எங்களுக்குக் கொண்டாட்டம். மூச்சிரைக்க உள்ளே நுழைந்து, வயர் கூடையை மேசைமேல் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே பாடத்தை ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் உலகப் போர்ப் பாடம். நாங்கள் வருஷங்களைக் கடகடவென்று ஒப்பித்தோம். டீச்சருக்குச் சந்தோஷமே இல்லை.

“வருசத்த மனப்பாடம் பண்ணி என்னடி பண்ணப் போறீங்க? அதுல செத்தவங்க மூஞ்சிய என்னைக்காச்சும் பாத்திருக்கீங்களா?”

இல்லை என்று தலையாட்டினோம்.

“காட்டுறேன் இருங்க.”

டீச்சரின் தம்பி கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை பார்த்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். அங்கே நூலகத்தில் புத்தகம் மாதிரியே பட கேசட்டுகளும் இருக்குமாம். தம்பி ஒன்றை எடுத்து மலையிறங்கும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட, டீச்சர் கொடைரோட்டில் வாங்கி, வயர் கூடையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலேறுவார். அதனால் உலகத்துக் கொடுமைகள் எல்லாம் எங்களிடம் புளிக்குழம்பு வாசத்தோடுதான் வந்து சேர்ந்தன.

டிவியும் டெக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வாடகைக் கடையிலிருந்து ரிக்‌ஷாவில் வந்தன. தையல் வகுப்பு அறையில்தான் படம். ஜன்னல்களை இருட்டாக்கத் துணி வேண்டுமே? எங்கள் வகுப்பில் சின்னாளபட்டியிலிருந்து வருகிற ஒரு பிள்ளையின் வீட்டில் சுங்குடிச் சேலை போடுகிறவர்கள். சாயம் சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கிய சேலைகளை அவள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். கத்தரிப்பூ நிறம், அரக்கு, பச்சை. ஆணியடித்துத் தொங்கவிட்டோம். அறை இருட்டவே இல்லை. சேலையில் சாயம் ஏறாத வெள்ளைப் புள்ளிகள் உண்டல்லவா, அவற்றின் வழியாக மத்தியான வெயில் உள்ளே இறங்கி, எங்கள் தாவணியில், தரையில், தையல் மெஷின்மேல் எல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஏசி தியேட்டர்களில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் புள்ளிகளுக்கு ஏங்காமல் ஒரு படமும் பார்த்ததில்லை.

டீச்சர் கரும்பலகையில் ‘இனவெறி’ என்று பெரிதாக எழுதினார். வெறி என்றால் எங்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

“நாய் கடிச்சா வருமே, அதுவா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அதுக்காச்சும் ஊசி இருக்குடி” என்றார் டீச்சர்.

முதல் படத்தில் ஒரு கடைத்தெரு வந்தது. சுவரில் இரண்டு தண்ணீர்க் குழாய். ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு, இன்னொன்று கறுப்பு மனிதர்களுக்கு. ஒரு கறுப்புப் பெரியவர் தாகம் தாங்காமல் தப்பான குழாயில் வாயை வைத்துவிடுகிறார். அப்புறம் நடப்பதுதான் படம். டீச்சர் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்கள் பேசப் பேச, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டே வருவார். “என்னலே தைரியம் ஒனக்குங்குறான். செத்த நேரம் பொறுங்க சாமி, தாகம் அம்புட்டுதாங்குறாரு பெரியவரு.” வெள்ளைக்காரன் வாயிலிருந்து ‘என்னலே’ வந்ததும் எங்களுக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. படம் முடிந்ததும் டீச்சர் கேள்வியெல்லாம் கேட்க மாட்டார். “செத்த நேரம் ஒண்ணும் பேசாம உக்காருங்க. அப்புறம் போங்க” என்பார். அவ்வளவுதான் பாடம்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்கை மூடாதவள் அவள்தான். அவளுடைய அப்பா டேனரியில் வேலை பார்த்தார். அவள் இரண்டு முறை பெயிலாகி எங்களோடு வந்து சேர்ந்தவள், எங்களைவிடப் பெரியவள், அதனால் எல்லோருக்கும் அக்கா. வருகை எடுக்கும்போது எண்தான் கூப்பிடுவார்கள். கடைசி எண் அக்காவுடையது. கடைசி பெஞ்சில் கதவோரம் தனியாக உட்காருவாள். “அங்க காத்து நல்லா வரும்” என்று வகுப்பு டீச்சர் வருஷ ஆரம்பத்தில் சொல்லி உட்கார வைத்தார். காற்று யாருக்கு வேண்டியிருந்தது என்பது இப்போது புரிகிறது. வராந்தாவில் எங்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, அலுமினியத் தம்ளர் ஒன்று. அக்கா தம்ளரைத் தொட மாட்டாள். யாராவது மோந்து ஊற்றுவார்கள், அவள் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடிப்பாள். அப்படித்தான் என்று நாங்களும் இருந்தோம், அவளும் இருந்தாள்.

குழாய்ப் படம் பார்த்த மறுநாள் எங்கள் வகுப்பில் பெரிய புரட்சி நடந்தது. இடைவேளையில் வட்டம் கூடிப் பேசி, அநியாயத்தை ஒழித்துவிடுவது என்று முடிவெடுத்தோம். எப்படி என்கிறீர்கள்? இனிமேல் நாங்களும் தம்ளரைத் தொடப் போவதில்லை, அக்கா மாதிரியே எல்லோரும் கையேந்தித்தான் குடிப்பது. ஒருத்தி ஊற்ற ஒருத்தி குடிக்க, முழங்கை வழியாக ஒழுகி, தாவணி நனைந்து, வராந்தா பூராவும் தண்ணீர். ட்ரில் டீச்சர் வந்து எங்களை வெயிலில் நிற்க வைத்தார். அக்கா கதவில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.

“கிறுக்குப் பிள்ளைகளா! தம்ளர எங்கிட்டக் குடுத்தா முடிஞ்சுபோச்சு. இதுக்குப் போயி இம்புட்டுக் கூத்தா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அக்காவே போய்த் தம்ளரை எடுத்து, மோந்து, அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதை வெயிலில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். தம்ளரை வைத்துவிட்டு, “நல்லாத்தேன் இருக்கு” என்றாள்.

இரண்டாவது படம் கறுப்பு வெள்ளை. வேறு ஏதோ தேசத்து பாஷை, கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. அதைப் படித்துப் படித்து டீச்சர் தமிழில் சொன்னார். ஒரு சாதி சனத்தையே உலகத்தில் இல்லாமல் ஆக்க வேண்டும் என்று ஒரு அரசாங்கம் முடிவு செய்துவிடுகிறது. பட்டாளத்துக்காரர்கள் வீடு வீடாகப் புகுந்து ஜனங்களைக் கூட்ஸ் வண்டியில் அடைக்கிறார்கள். ஆடு ஏற்றுகிற மாதிரி என்று சொல்ல வந்த டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த வண்டிக்குள் ஒரு பெரிய பெண், ஒரு சின்னப் பிள்ளை. சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். “அக்கா, தண்ணி வேணும்க்கா” என்றார் டீச்சர், சின்னவளாக.

வண்டி நிற்கிறது. ஜனங்களை இறக்கி இரண்டு வரிசையாகப் பிரிக்கிறார்கள். கையில் பிரம்பு வைத்திருக்கும் அதிகாரி ஒருவன் ஆளைப் பார்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டுகிறான். ஒரு வரிசை வேலைக்கு. இன்னொன்று சாவுக்கு. துணியைக் கழற்றச் சொல்கிறார்கள், குளிக்க வைக்கிறோம் என்று. கிழவிகள், பிள்ளை பெற்றவர்கள், எல்லோரும் அம்மணமாகக் குளிரில் நின்றார்கள். நாங்கள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டோம்.

“கைய எடுங்க” என்றார் டீச்சர். “துணிய உருவச் சொல்றான் பாருங்க, அவந்தேன் வெக்கப்படணும். நிக்கிறவங்க ஏன் வெக்கப்படணும்? நீங்க ஏன் மூடுறீங்க?”

கையை எடுத்துவிட்டுப் பார்த்தோம். பெரியவளை வேலை வரிசையில் விட்டார்கள். சின்னவளை மற்றதில் தள்ளினார்கள். “அக்கா! அக்கா!” என்று டீச்சர் கத்தியபோது அவர் குரல் உடைந்தது. அதிகாரி திரும்பி யாருக்கோ சிகரெட்டுக்கு நெருப்புக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெரியவள் வரிசையிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து பள்ளிக்கூட மணி அடித்தது.

ரிக்‌ஷா வாசலில் காத்திருந்தது. டெக்கைத் திருப்பியனுப்ப வேண்டும். “மிச்சத்த அடுத்த வெள்ளிக்கெழம பாப்போம்” என்று டீச்சர் பட்டனை அமுக்கினார். நாங்கள் கெஞ்சினோம். அக்கா கதவோரத்திலிருந்து எழுந்து டிவிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். “ஒரே நிமிசம் டீச்சர். அவ போயிட்டாளான்னு மட்டும் பாத்துக்கிறோம்.” கேசட் வெளியே வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்குள் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

அந்தக் காலத்தில் நம் ஊரில் ‘இங்கிலீஷ் படம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அங்கங்கே தாள் ஒட்டி மறைத்த போஸ்டர்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலைக் காட்சிக்குப் போகிற ஆம்பளைகள். டெக் கடைக்காரர் டீக்கடையில் ஒரு சிரிப்போடு சொன்னாராம், பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படம் ஓடுகிறது என்று. இத்தனைக்கும் அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பெற்றவர்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். “என்ன படம்டி அது?” ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு பிள்ளை உள்ளதைச் சொன்னது: எல்லாரையும் அம்மணமா நிக்க வெச்சாங்க. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்க அதற்கப்புறம் யாருக்கும் காது இல்லை.

என் அப்பா நல்லவர். கடையில் எடை போடும்போது ஒரு வெங்காயம் கூடுதலாக விழுந்தால் விழட்டும் என்று விடுகிறவர். அன்று ராத்திரி அம்மாவிடம், “புள்ளைக மனச நாசம் பண்ணுறா ஒரு டீச்சரு. நாளைக்குப் போயி கேக்குறேன் பாரு” என்றார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். எனக்கு ஆகாததிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவர் கடைசி வரைக்கும் நினைத்திருந்தார். அதை நினைத்தால் இப்போது கோபம்கூட வரவில்லை.

மறுநாள் எங்களையெல்லாம் வைத்துக்கொண்டு தையல் அறையிலேயே விசாரணை. பள்ளிக்கூடத் தாளாளர், பெரிய டீச்சர், என் அப்பாவோடு இன்னும் சில அப்பாக்கள். சரித்திர டீச்சர் சுவரோரம் நின்றார். சுங்குடிச் சேலைகளை யாரோ அவிழ்த்துத் தரையில் போட்டிருந்தார்கள். அறையில் வெள்ளை வெளேரென்று வெளிச்சம். டீச்சருடைய வேலை எங்கள் வாயில் இருக்கிறது என்பது எங்களுக்கே தெரிந்தது.

தாளாளர் எங்களைப் பார்த்து, “ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அந்தப் படத்துல துணி இல்லாம ஆளுங்க வந்தாங்களா, இல்லையா?” என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் டீச்சர் போய்விடுவார். பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது.

“வந்தாங்க சார்” என்றாள் அக்கா. “ஆனா அது அசிங்கம் இல்ல சார். அழுகையா வந்துச்சு. எங்கள அழ வெச்சாலும் டீச்சரு பொய் சொல்லித் தரல சார். மிச்சத்தையும் போடச் சொல்லுங்க. நீங்களும் பாருங்க.”

தாளாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு?”

“தோல் வேல சார்.”

“அதான்” என்றார்.

விசாரணை அதோடு முடிந்தது. டீச்சர் அன்று மாலையே கிளம்பினார். சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து சின்னாளபட்டிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, வயர் கூடையை எடுத்துக்கொண்டார். வாசலில் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதோம். அழுகைக்கு நடுவிலும் ஒருத்தி கேட்டுவிட்டாள்: “டீச்சர், அந்தத் தங்கச்சி பொழச்சாளா?”

டீச்சர் எங்களைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தார். அங்கே அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “அதச் சொல்ல மாட்டேன். பாக்கணும்டி. என்னைக்காச்சும் பாருங்க” என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அரைப் பரீட்சைக்குப் பிறகு கதவோர பெஞ்சும் காலியானது. அக்கா வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அவளை வரவேண்டாம் என்றார்களா, வீட்டில் நிறுத்திவிட்டார்களா, எனக்குத் தெரியாது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் மில் பஸ் என்னைக் கடந்து போயிற்று. ஜன்னலோரம் அக்கா. தலைமுடியில் பஞ்சு. என்னைப் பார்த்ததும் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

“ஏய், மிச்சப் படம் போட்டாங்களா?”

நான் இல்லை என்று கையை ஆட்டினேன். அவள் அதை டாட்டா என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி தானும் கையாட்டினாள். பஸ் திரும்பிவிட்டது.

அந்தப் படத்தை நான் தேடாத இடமில்லை. பெயர் தெரியாது. டீச்சர் அதன் பெயரைச் சொன்னதாக ஞாபகமே இல்லை. போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, அக்கா தங்கை, கூட்ஸ் வண்டி, பிரம்பு அதிகாரி என்று நான் புலம்பியதைக் கேட்டு, லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா தங்கை படங்கள் பல வந்தன. எதுவும் இல்லை. அப்புறம் அவளாகவே ‘அக்கா தங்கை’யை எடுத்துவிட்டுத் தேடினாள். வந்துவிட்டது.

இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். நான் டீச்சர் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் இல்லாமல் படம் யாருடையதோ மாதிரி இருந்தது. கூட்ஸ் வண்டிக் காட்சி வந்தது. சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துத் தண்ணீர் கேட்டாள். கீழே ஓடிய இங்கிலீஷில் ‘அக்கா’ இல்லை. முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுகிற சொல்தான் இருந்தது.

அவர்கள் அக்கா தங்கை இல்லை. வண்டிக்குள் பக்கத்தில் நிற்க நேர்ந்தவர்கள். நம் ஊரில் ஒரு சின்னப் பிள்ளை பெரிய பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடும்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளும் அக்காதானே? டீச்சர் வாயில் அது தானாக வந்திருக்கிறது. நாங்கள் கூடப் பிறந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டோம்.

பெரியவள் வேலை வரிசையிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அங்கேதான் மணி அடித்தது. இப்போது மணி அடிக்கவில்லை. அவள் இன்னொரு காலையும் எடுத்து வைத்தாள். நடந்து போய் சாவு வரிசையில் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலை வரிசையிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். குளிக்க என்று சொன்ன அறையின் கதவு நெருங்குகிறது. பெரியவள் குனிந்து சின்னவளிடம் ஒன்று கேட்கிறாள். கீழே எழுத்து ஓடுகிறது: உன் பேரு என்ன? சின்னவள் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிக்கொள்கிறது. அதுதான் மிச்சப் படம்.

“அவ ஏம்மா போனா? சொந்தக்காரிகூட இல்லையே?” என்றாள் மகள்.

“செத்த நேரம் ஒண்ணும் பேசாம உக்காரு” என்றேன். அன்று தையல் அறையில் பின்னால் பெஞ்சு கிரீச்சிட்ட சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் எங்கள் அக்காவுக்கு என்ன சொந்தம்?

எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. எல்லோருக்கும் பேரன் பேத்தி வந்தாயிற்று. அன்றைக்கே எழுதினேன்: அக்காவைக் கண்டுபிடிக்க வேண்டும், படம் கிடைத்துவிட்டது, அவளுக்குச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அக்காவை ஞாபகம் இருந்தது. தம்ளர் ஞாபகம் இருந்தது, சிரிப்பு ஞாபகம் இருந்தது. சின்னாளபட்டிக்காரி அந்தக் கத்தரிப்பூச் சேலையை ரொம்ப நாள் வைத்திருந்து, எங்கோ தொலைத்துவிட்டதாக எழுதினாள். பெயரைக் கேட்டேன். ஒருத்தி ஒரு பெயர் சொன்னாள். இன்னொருத்தி இல்லை என்று வேறு சொன்னாள். வருகை எண்ணில் கடைசி, வகுப்புக்கெல்லாம் அக்கா. அதற்குமேல் எங்களுக்குத் தெரியவில்லை. பெயர் இல்லாமல் யாரிடம் போய் விசாரிப்பது?

இதைப் படிக்கிற உங்களில் யாராவது வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் அவளோடு வேலை பார்த்திருக்கலாம். ஒருவேளை அவளே படிக்கலாம். மிச்சப் படம் போட்டார்களா என்று நீ கேட்டாயே, போட்டாச்சு அக்கா. அவள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் பேரு என்னக்கா?